கும்பினிகள் தேர்ந்த ஊர்கள்

திண்டிவனம் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வருவோர், நகரினுள் இறங்குவதற்கு முன் கடக்கும் மேட்டுநிலத்திற்குக் கோரிமேடு என்று பெயர். அதற்கு அப்பால் தமிழ்நாடு, இப்பால் புதுச்சேரி. 'கோர்' என்னும் பாரசீகச் சொல்லுக்குக் கல்லறை என்பது பொருள். அச்சொல் தமிழில் 'கோரி' என வழங்கி, முஸ்லிம்களின் அடக்கவிடத்தைக் குறிக்கலாயிற்று. பிரெஞ்சுப் பெயர்கள் நிறைந்த நகரின் வாயிலில் இப்படியொரு சொல் நிற்பதில் வியப்பில்லை. இந்நகரைப் பிரெஞ்சுக் கும்பினிக்கு வழங்கியவரே ஒரு முஸ்லிம் ஆளுநர்தாம். அவர் பெயர் ஷேர்கான் லோடி. அவர் பெயரால் வழங்கும் நினைவு மண்டபம் எதுவும் இங்கே இல்லை. கடற்கரையில் சிலையாக நிற்பவர் பின்னால் வந்த தூப்ளே.

பெரிய துறைமுகங்கள் பல இருக்க, பாரிசில் தலைமையிடம் கொண்டிருந்த ஒரு வணிக நிறுவனம் இந்தச் சிறிய ஊரைத் தன் இந்தியத் தலைமையிடமாக ஏன் தேர்ந்தது? இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. இன்று உலகை வளைத்து வாணிகம் புரியும் பன்னாட்டு நிறுவனங்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் ரியாதிலும் வட்டாரத் தலைமையகம் அமைக்கின்றன. அந்த அலுவலகங்களில் கணக்கெழுதவும் கணினி இயக்கவும் நம் வீட்டுப் பிள்ளைகள் போகின்றனர். அந்நகரங்கள் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதை அறிய விழைவோர், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையில் நிகழ்ந்ததை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம்.

தலைமையிடம் எதற்கு?

ஆங்கிலேயக் கும்பினி 1600இல் தோன்றியது. ஒல்லாந்தர் கும்பினி 1602இல். டேனியக் கும்பினி 1616இல். பிரெஞ்சுக் கும்பினி 1664இல், பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேரின் முயற்சியால் தோன்றியது. பலர் போட்ட பங்குப் பணம், ஐரோப்பாவில் இயக்குநர் குழு, ஆசியாவில் பண்டகசாலைகள் என்று இவற்றின் அமைப்பு இருந்தது. இன்றைய பன்னாட்டு நிறுவனத்தின் முன்னோர் இவை என்பதில் ஐயமில்லை.

பாரிசிலிருந்து ஒரு கடிதம் இந்தியா வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். விடை போய்ச் சேர மீண்டும் அவ்வளவு காலம். இதற்கிடையில் நெசவாளர்க்கு முன்பணம் கொடுக்க வேண்டும். பருவக்காற்று மாறுமுன் துணிமூட்டைகளைக் கப்பலேற்ற வேண்டும். ஆளும் மன்னர் மாறினால் புதியவரைச் சென்று காண வேண்டும். இவற்றையெல்லாம் பாரிசைக் கேட்டுச் செய்ய இயலாது. ஆகவே முடிவெடுக்கும் அதிகாரமும், பணப்பெட்டியும், கணக்குப் புத்தகமும் உடைய ஒரு நிலையம் இக்கரையிலேயே தேவைப்பட்டது. வட்டாரத் தலைமையகம் என்பது இத்தேவையிலிருந்து பிறந்ததே.

கைவிடப்பட்ட பெருந்துறைகள்

எல்லாரும் எதிர்பார்ப்பது, கும்பினிகள் இருப்பதிலேயே பெரிய துறைமுகத்தைத் தேர்ந்திருக்கும் என்பதே. முதலில் அவை அங்குதான் சென்றன. ஆனால் தலைமையிடத்தை அங்கே நிலைநிறுத்தவில்லை.

ஜாவாத் தீவின் பாந்தன் நகரைப் பாருங்கள். மிளகு வாணிகத்தால் உலகப் புகழ் பெற்ற முஸ்லிம் சுல்தானகம் அது. அரபியர், சீனர், குஜராத்தியர், நம் கரையின் முஸ்லிம்கள் எனப் பல நாட்டாரும் அங்கே கூடினர். ஒல்லாந்தரும் அங்கே பண்டகசாலை வைத்தனர். ஆனால் விலையையும் வரியையும் விதித்தவர்கள் பாந்தன் ஆட்சியாளர்கள். 1619இல் ஒல்லாந்தத் தலைவர் கூன், அருகிலிருந்த சிறிய ஜெயகார்த்தாவைப் படையால் கைப்பற்றி அழித்து, அங்கே பத்தாவியாவைக் கட்டினார். ஆசியா முழுமைக்கும் அவர்களுக்கு அதுவே தலைமையிடமாயிற்று. இன்றைய ஜகார்த்தா அதுதான்.

மசூலிப்பட்டினம் கோல்கொண்டா சுல்தான்களின் செழிப்பான துறை. ஆங்கிலேயர் அங்கே கோல்கொண்டா அதிகாரிகளின் தயவில் வாணிகம் செய்ய வேண்டியிருந்தது. 1639இல் பிரான்சிஸ் டே, தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் ஒரு மணற்கரையைப் பெற்றார். அங்கே துறைமுகமும் இல்லை, பேரூரும் இல்லை. துணி மலிவு, கோட்டை கட்டிக்கொள்ள இசைவு உண்டு என்னும் இரண்டே அதன் சிறப்புகள். 1641இல் சோழமண்டலக் கரையின் ஆங்கிலத் தலைமையிடம் அங்கே மாறியது. அதுவே சென்னை.

சூரத் முகலாயப் பேரரசின் பெருவாயில். ஹஜ்ஜுப் பயணிகள் கப்பலேறிய புனிதத்துறை. கப்பல்கள் பல உடைய அப்துல் கபூர் போன்ற செல்வர்கள் வாழ்ந்த நகர். ஆங்கிலேயர் 1687இல் தம் மேற்குக்கரைத் தலைமையிடத்தைச் சூரத்திலிருந்து பம்பாய்க்கு மாற்றிக்கொண்டனர். வங்காளத்தில் முகலாயத் துறையாகிய ஊக்ளியில் இருந்த ஆங்கிலேயர், 1690இல் சுதானுட்டி என்னும் சிற்றூரில் குடியேறினர். கல்கத்தா அங்கேதான் வளர்ந்தது.

பாந்தன், மசூலிப்பட்டினம், சூரத், ஊக்ளி ஆகிய நான்கும் முஸ்லிம் ஆட்சியில் செழித்த துறைகள். நான்கிலிருந்தும் தலைமையிடம் ஒரு சிற்றூருக்கு நகர்ந்தது. இதற்கு மதப்பகையே காரணம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. பெருந்துறையில் கும்பினி பத்து வணிகருள் ஒருவன், வரி கொடுப்பவன், வழக்கு என்றால் காஜியின் முன்போ ஷாபந்தரின் முன்போ நிற்பவன். சிற்றூரில் அவனே வரி வாங்குபவன், வழக்குத் தீர்ப்பவன், வாயிலைப் பூட்டுபவன். கும்பினிகள் சட்டம் தம் கையில் இருக்கும் ஊரையே தேடின. சந்தையின் பெருமை அவற்றுக்கு இரண்டாம் இடத்ததே.

டேனியரும் இவ்வாறே செய்தனர். நாகப்பட்டினத்திற்கு அருகிலிருந்தும், 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் இக்கரையில் சற்று வேறுபட்டனர். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை எழுப்பினர். நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்து, 1690இல் தலைமையிடத்தை அங்கே மாற்றினர். பழைய துறைகளில் இருந்தாலும், படைவலியும் கோட்டையும் கொண்டே இருந்தனர்.

புதுச்சேரியின் முறை

பிரெஞ்சுக்காரர் கடைசியாக வந்தவர்கள். 1668இல் சூரத்திலும், 1669இல் கோல்கொண்டா சுல்தானின் பர்மான் பெற்று மசூலிப்பட்டினத்திலும் பண்டகசாலை வைத்தனர். 1672இல் அவர்களின் கடற்படைத் தலைவர் தெ லா ஹே, கோல்கொண்டாவின் வசமிருந்த சாந்தோமைப் பிடித்தார். கோல்கொண்டாப் படையும் ஒல்லாந்தக் கப்பல்களும் சேர்ந்து முற்றுகையிடவே, 1674இல் அதனை விட்டகன்றார்.

முற்றுகையில் சிக்கிய பிரெஞ்சுக்காரருக்கு உணவும் மருந்தும் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடித் தெற்கே அனுப்பப்பட்டவர் பெலாஞ்சே தெ லெப்பினே. அவர் சென்று கண்டவர், வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட பீஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோடி. தேவனாம்பட்டினத்தில் இருந்த ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரருக்கு இடந்தர வேண்டா என்று அவரிடம் முறையிட்டனர். ஷேர்கான் இணங்கவில்லை. 1673ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் இருந்துகொள்ள அவர்களுக்கு இசைவளித்தார். 1674இல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே நிலைகொண்டார்.

ஷேர்கான் ஏன் கொடுத்தார்? அவர் ஏமாளியல்லர். செஞ்சியை ஆண்ட மற்றொரு பீஜப்பூர் ஆளுநராகிய நாசிர் முகம்மதுவுடன் அவருக்குப் பகை. வெடிமருந்தும் கப்பற்படையும் உடைய நண்பர் ஒருவர் வேண்டும். போர்ச்செலவுக்குப் பணமும் வேண்டும். மார்த்தேன் அவருக்குக் கடன் கொடுத்தார். ஒரே சுல்தானுக்குக் கீழ்ப்பட்ட இரு முஸ்லிம் தலைவர்களின் போட்டியில் ஊர் ஒன்று கைமாறியது. ஷேர்கானின் கணக்கு அடுத்த போர் வரைக்குமானது. மார்த்தேனின் கணக்கோ அடுத்த தலைமுறை வரைக்குமானது.

1677இல் சிவாஜியின் படை தெற்கே வந்தது. ஷேர்கான் திருவதிகை அருகே தோல்வியுற்றுத் தம் ஆட்சியை இழந்தார். சலுகை கொடுத்தவர் நான்கே ஆண்டுகளில் மறைந்தார்; சலுகை மறையவில்லை. மார்த்தேன் உடனே சிவாஜியிடம் தூதும் காணிக்கையும் அனுப்பி, நடுநிலை காப்பதாகக் கூறி இருக்கும் உரிமையைப் பெற்றார். பின்னர் மராட்டிய அதிகாரிகளின் இசைவுடன் சிறுகோட்டையும் எழுப்பினார்.

1693இல் ஒல்லாந்தர், செஞ்சியிலிருந்த ராஜாராமுக்குப் பணம் கொடுத்து உரிமை வாங்கிப் புதுச்சேரியைப் படையால் கைப்பற்றினர். கோட்டையை விரிவாக்கினர்; தெருக்களை நேர்கோட்டில் வகுத்தனர். புதுச்சேரியின் அழகுக்குக் காரணமென இன்று பலரும் வியக்கும் சதுரத் தெருவமைப்பின் மூலம் ஒல்லாந்தருடையது. 1697இல் ஐரோப்பாவில் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கையின்படி ஊர் பிரெஞ்சுக்காரருக்குத் திரும்ப வேண்டும் என்றாயிற்று, 1699இல் திரும்பியது.

இதற்குள் சூரத்தில் பிரெஞ்சுக் கும்பினியின் நிலை கெட்டிருந்தது. அங்குள்ள வணிகர்களிடம் அது பெருங்கடன் பட்டிருந்தது. கடன்காரர்கள் முகலாய அதிகாரிகளிடம் முறையிட்டால் கும்பினியின் சரக்கு சிக்கிக்கொள்ளும். கடன் கொடுத்தவர்கள் கையில் சட்டம் இருக்கும் ஊரில் தலைமையிடம் வைத்திருக்கலாகாது என்பது விளங்கிவிட்டது. 1701இல் மேலவை சூரத்திலிருந்து புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. இந்தியாவிலுள்ள பிரெஞ்சு நிலையங்கள் அனைத்திற்கும் மார்த்தேன் தலைவரானார். 1706ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் இவ்வூரிலேயே இறந்தார்.

தராசின் தட்டுகள்

மார்த்தேன் எதையெல்லாம் எடை போட்டார் என்று எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, சரக்கு. புதுச்சேரியைச் சுற்றிய ஊர்களில் நெசவாளர் நிறைந்திருந்தனர். நீலச்சாயத் தொழிலும் உண்டு. இங்குள்ள நீலத்துணி பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்று, அங்கே பணத்துக்கு ஈடாகவும் வழங்கியது.

இரண்டாவது, கடல். புதுச்சேரியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கேற்றின. ஆயினும் தெற்கேயுள்ள அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் சிறுகலங்கள் ஒதுங்க முடிந்தது. அவ்வாற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் உரோமானியப் பண்டங்கள் வந்திறங்கியதை 1945இல் நடந்த அகழாய்வு மெய்ப்பித்தது. கடல்வாணிகம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

மூன்றாவது, அண்டை அயல். வடக்கே சென்னையில் ஆங்கிலேயர். தெற்கே தேவனாம்பட்டினத்தில் முதலில் ஒல்லாந்தர், 1690க்குப் பின் ஆங்கிலேயர். போட்டியாளர் இருக்கும் இடத்தில் நெசவாளரும் தரகரும் துபாஷிகளும் பழகியிருப்பர். இன்றும் நிறுவனங்கள் ஒரே நகரத்தில் மொய்ப்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது, யாவற்றினும் பெரியது, ஆட்சியின் தொலைவு. பீஜப்பூர் நெடுந்தொலைவில் இருந்தது. உள்ளூர் ஆளுநரோ பணமுடையில் இருந்தார். இசைவு தருமளவுக்கு அவரிடம் அதிகாரம் இருந்தது. கட்டுப்படுத்துமளவுக்கு வலிமை இல்லை. கும்பினிக்கு இதைவிட வாய்ப்பான நிலை வேறில்லை.

மரைக்காயர் துறைகள்

புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் பரங்கிப்பேட்டை உள்ளது. மஹ்மூது பந்தர் என்பது அதன் மறுபெயர். சீறாப்புராணம் நிறைவுறத் துணைநின்ற அபுல்காசிம் மரைக்காயர் வாழ்ந்த ஊர் அது. அதற்கு முன் உமறுப்புலவரை ஆதரித்த கீழக்கரைச் சீதக்காதியும் கடல்வணிகரே. ஒல்லாந்தக் கும்பினியோடு பேரம் பேசும் நிலையில் இருந்தவர். பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, நாகூர், காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் கப்பல்கள் அச்சே, கெடா, மலாக்கா, பெகு என்று சென்று வந்தன. நம் காப்பியமும் பள்ளிவாசலும் அக்கடல்வருவாயால் எழுந்தவை.

கும்பினிகள் தம் தலைமையிடத்தை வேறெங்கோ அமைத்தபோது இத்துறைகள் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. அழிவு மெல்ல வந்தது. கடலில் செல்லக் கும்பினியின் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்றாயிற்று. நெசவாளர்க்குக் கும்பினி முன்பணம் கொடுத்துத் துணியை முன்கூட்டியே கட்டிவைத்தது. நாணயசாலை, நீதிமன்றம், பெருங்கப்பல் எல்லாம் தலைமையிடத்தில் குவிந்தன. சொந்தக் கப்பலோட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் நாளடைவில் பிறர் நகரத்தில் கடைவைக்கப் போயினர். ஓர் ஊர் தோற்கடிக்கப்படாமலே, விலக்கிவைக்கப்படுவதாலும் தாழ்ந்துபோகும் என்பதற்கு நம் கடற்கரையே சான்று.

புதுச்சேரிக்கு வந்து வாழ்வு பெற்ற முஸ்லிம்களும் உண்டு. நகரின் தென்பகுதியில் காஜித் தெரு, முல்லா வீதி என்னும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 1740இல் மராட்டியர் படையெடுப்பில் ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலிகான் வீழ்ந்தபோது, சந்தா சாகிபின் குடும்பத்தார் இந்நகரின் மதிலுக்குள்தான் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை ஒப்படைக்குமாறு மராட்டியர் கேட்டும் ஆளுநர் தூய்மா மறுத்துவிட்டார். அந்த அடைக்கலத்தின் கைம்மாறு, பின்னர் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது என்பதையும் மறத்தலாகாது.

அதற்கு நான்காண்டுக்கு முன், 1736இல், அதே தோஸ்த் அலிகான் வழியாகக் கும்பினி ரூபாய் நாணயம் அடிக்கும் உரிமை பெற்றிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளியை இங்கேயே நாணயமாக்கி நெசவாளர்க்குக் கொடுக்க முடிந்தது. நாணயத்தில் இருந்தது முகலாயப் பேரரசரின் பெயர். ஊதியம் போனது கும்பினிக்கு.

கும்பினி போயிற்று, நகர் நின்றது

தலைமையிடமான ஊருக்கு ஏற்றமும் உண்டு, இடியும் உண்டு. 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் புதுச்சேரி பணிந்தது. கோட்டையும் மாளிகைகளும் தரைமட்டமாக்கப்பட்டன. பகைவர் இடித்தது கும்பினியின் தலைமையிடத்தை; வீடிழந்தவர்கள் ஊர்மக்கள். 1763இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் ஊர் திரும்பி, மறுபடி கட்டப்பட்டது. 1769இல் கும்பினியின் தனியுரிமையைப் பிரெஞ்சு அரசே நிறுத்திவைத்தது. யாருக்காக ஊர் எழுந்ததோ அவர்கள் அரங்கிலிருந்து அகன்றனர். அதன்பின் மூன்றுமுறை ஆங்கிலேயர் பிடித்தும், 1816இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சி வந்தது.

பின்னர் பிரெஞ்சுப் பேரரசின் கீழைத் தலைமை சைகோனுக்குப் போயிற்று. புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்களும் அங்கே கடைவைக்கச் சென்றனர். சைகோனின் நடுவிடத்தில் 1935இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசல் அந்தப் பயணத்தின் அடையாளம். இங்கோ, 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது.

நம் காலத்திலும் ஒரு சிறு பாடம் நடந்தது. விற்பனை வரிச்சலுகை கிடைத்த ஆண்டுகளில், கோரிமேட்டுக்கு அருகிலுள்ள தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளுக்கு ஆலைகள் வந்தன. 2017 ஜூலையில் நாடெங்கும் சரக்கு-சேவை வரி வந்ததும், எல்லைக்கு இப்பக்கம் இருப்பதன் வரி ஆதாயம் பெரிதும் தேய்ந்தது. சலுகை ஒன்றையே நம்பி வருபவர், அதைவிடப் பெரிய சலுகை கண்ட இடத்திற்குப் போவர்.

இன்றைய ஷேர்கான்கள்

சிங்கப்பூரும் பழைய முறையில் பிறந்த ஊரே. 1819இல் ஜொகூர் சுல்தான் ஹுசைனோடும் தெமெங்கோங்கோடும் செய்த உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினி அதைப் பெற்றது. சூலியா முஸ்லிம்கள் தொடக்கத்திலேயே சென்று குடியேறினர். 1826இல் ஜாமிஆ பள்ளிவாசலுக்கு வித்திட்டனர். ஆனால் 1965இல் தனிநாடான பின், நேர்மையான நீதிமன்றம், ஆங்கிலக் கல்வி, துறைமுகம், விமான நிலையம், மாறாத வரிவிதி ஆகியவற்றைத் தானே கட்டிவைத்து நிறுவனங்களை அழைத்தது. துபாய் 1979இல் ஜபல் அலித் துறைமுகத்தையும், 1985இல் தடையற்ற வணிக வளாகத்தையும் அமைத்தது. 2004இல் நிறுவிய நிதி மையத்தில் ஆங்கிலப் பொதுச்சட்ட முறையில் தனி நீதிமன்றமே ஏற்படுத்தியது. சட்டம் தமக்கு விளங்குவதாக இருக்க வேண்டும் என்னும் கும்பினிகளின் பழைய வேட்கையை இது நிறைவேற்றுகிறது. ஆயினும் அச்சட்டத்தை இயற்றுவது நாட்டின் அரசு என்பதே வேறுபாடு.

சவூதி அரேபியா இன்னும் ஒருபடி சென்றது. வட்டாரத் தலைமையகத்தைத் தன் நாட்டில் வைக்காத வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தங்கள் இல்லை என்று 2021இல் அறிவித்து, 2024 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. வருவோர்க்கு 30 ஆண்டு வரிவிலக்கும் வழங்கியது. ஷேர்கான் லோடி ஊரைக் கொடுத்துக் கடன் வாங்கினார். இங்கே நாடு தன் வாங்கும் வலிமையைக் காட்டி நிபந்தனை விதிக்கிறது. இது எந்த அளவுக்குப் பயன்தரும் என்பது காலப்போக்கில் தெரியும். ஆனால் மேசையின் எப்பக்கத்தில் அமர்ந்து பேசுவது என்பதை 1673க்கும் 2024க்கும் இடைப்பட்ட காலம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மேட்டின்மேல் நிற்பது

மீண்டும் கோரிமேட்டுக்கு வருவோம். இம்மேட்டில் இன்று ஓங்கி நிற்பது ஜிப்மர் மருத்துவமனை. 1823இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி அதன் வேர். 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாக எழுந்து, 1964இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்று, 2008இல் நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றெனச் சட்டத்தால் அங்கீகாரம் பெற்றது. விடிவதற்கு முன்பே விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் நோயாளிகள் வந்து வரிசையில் நிற்கின்றனர். அவர்களுள் பரங்கிப்பேட்டையார் இருப்பர். நம் தாய்மாரும் இருப்பர்.

கும்பினியின் பண்டகசாலை இல்லை. அதன் கோட்டையும் இல்லை. எவர் சலுகையையும் நாடாமல், எவரும் பெயர்த்துக்கொண்டு போக முடியாதபடி நிற்பது கல்விச்சாலையும் மருத்துவச்சாலையும்தான். எந்த நகரத்தில் வேலை கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்ப்பது இயல்பு. போகட்டும், உழைத்துப் பொருளீட்டட்டும். அந்தப் பொருளில் ஒரு பங்கு, நம் கடற்கரை ஊர்களில் பள்ளிக்கூடமாகவும் கைத்தொழில் பயிற்சியாகவும் மருத்துவ வசதியாகவும் வேரூன்ற வேண்டும். அன்று நம் துறைகளைக் கும்பினிகள் கடந்து போயின. அக்கணக்கில் நமக்குப் பங்கில்லை. இன்று கடந்து போகுமாயின், அதற்கு நாமும் பொறுப்பாளிகளாவோம்.